தண்ணீர் குடிக்காத பெட்டி

குருநகர் அக்கா எதைக் கண்டாலும் முதலில் தட்டிப் பார்ப்பார். கண்ணால் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நடுவிரலை மடக்கி, அதன் கணுவால் இரண்டு தட்டு. தலையைக் கொஞ்சம் சரித்து, வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். சந்தையில் பூசணிக்காயைத் தட்டினார். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தாங்கியைத் தட்டினார். ஒருமுறை, ஒன்றுவிட்ட தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்களின் காரைப் படலை வாசலிலேயே தட்டி, "வெளியாலைதான் பெயின்ற். உள்ளுக்கு முழுக்கக் கறள்" என்று சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணி குடிக்காமலே எழும்பிப் போனார்கள். "நான் காரைத்தானே சொன்னனான்" என்றார் வீட்டாரிடம். பிறகொரு மழையில் அந்தக் காரின் துருப்பிடித்த அடித்தகடு நடுறோட்டில் கழன்று விழுந்ததாகக் கேள்விப்பட்டதும் குருநகர் முழுக்க நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

என் மினிபஸ்ஸையும் தட்டினார். முதன்முதல் நான் அவருடைய கொட்டில் வாசலில் அதை நிறுத்தியபோது, வணக்கமும் இல்லை, வாரும் என்பதும் இல்லை. இரண்டு தட்டு.

"உது பஸ்ஸோ, பிஸ்கற் தகரமோ?"

அவர் வள்ளக்காரி. கடலுக்குப் போகிறவர் அல்ல, வள்ளம் கட்டுகிறவர். கடலோரத்தில், தென்னங்கிடுகு வேய்ந்த நீளமான கொட்டில் ஒன்று. தகப்பன் மரவள்ளம் கட்டிய அதே கொட்டிலில் இவர் பைபர் வள்ளம் கட்டினார். தேன் நிறத்து ரெசின் பசையும், கண்ணாடியை மயிராய் இழுத்துப் பாயாய் அமுக்கிய விரிப்பும்தான் சாமான்கள். விரிப்பை அவர்கள் 'மட்' என்பார்கள். அச்சில் மெழுகு பூசி, மட்டை விரித்து, ரெசினைத் தோய்த்து, காற்றுக் குமிழி ஒன்றும் மிஞ்சாமல் தூரிகையால் குத்திக் குத்தி, அதன்மேல் இன்னொரு மட், அதன்மேல் இன்னொன்று. காய்ந்ததும் அச்சிலிருந்து உரித்தெடுத்தால் வெள்ளைத் திமிங்கிலம் போல ஒரு வள்ளம். அந்த வேலையில் கண்ணாடித் துரும்பு தோலில் ஏறும்; நாளெல்லாம் சொறிய வைக்கும். அவருடைய கைகள் இரண்டும் எப்போதும் தேங்காய் எண்ணெய் மினுமினுப்போடு இருந்தது அதனால்தான். அவர் அதை நகை போட்ட கை மாதிரி நீட்டிக்கொண்டு கதைப்பார்.

"எங்கடை கொட்டிலாலை போன வள்ளம் ஒண்டும் தண்ணி குடிச்சதில்லை."

இது அவருடைய வாக்கியம். காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம், புதிதாக ஓர் ஆள் வந்தால் கட்டாயம் ஒருதரம். கல்யாண வீட்டில் சொன்னார். செத்தவீட்டிலும், இறந்தவர் ஒரு மீனவர் என்பதால், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தே சொன்னார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன சனம் அவர் வாயைத் திறக்கும்போதே தாங்கள் சொல்லி முடிக்கும். அவர் கோபிக்கமாட்டார். "பாத்தியளோ, ஊருக்கே தெரியும்" என்பார்.

ஒழுகுகிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது ஒரு குணமா, ஒரு வருத்தமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. தேவாலய வாசலில் தீர்த்தம் வைக்கும் கல் தொட்டியில் மயிரளவு வெடிப்பு இருந்தது. தொட்டி ஒழுகி, தரை ஈரமாகி, கிழவிகள் வழுக்கினார்கள். எவரையும் கேட்காமல் ஒரு சனிக்கிழமை போய், தொட்டியின் உள்பக்கத்தை ரெசினாலும் மட் விரிப்பாலும் பூசிவிட்டு வந்தார். ஞாயிறு பூசைக்கு வந்த சனமெல்லாம் சிலுவை போட்டுக்கொண்டு வள்ளக் கொட்டில் மணத்தோடு உள்ளே போனது. சுவாமியார் கூப்பிட்டுக் கேட்டார்.

"என்ன பிள்ளை, தீர்த்தம் மணக்குது?"

"மணம் போயிடும் சுவாமி. தீர்த்தம் போகாது."

அதன் பிறகு பெருநாளுக்கு வெளியூர்ச் சனம் வந்து விரலை நனைக்கும்போது, தூணடியில் நின்று, "அது நான் பூசினது" என்று சொல்வார். செபத்துக்கு இடையில் சொல்வார்.

நான் போன காலத்தில் கடலைப் பூட்டியிருந்தார்கள். ஒரு கடையைப் பூட்டுவது போல, சாவியைக் கொண்டுபோய்விட்டது போல. எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு வந்த போர் வருடங்கள் அவை. கரையோரம் முழுக்க இராணுவத் தடை. மயிலிட்டியிலும் குருநகரிலும் வலைகள் வீட்டுக் கூரைக்குள் கிடந்தன. போக முடியாத கடலுக்கு எவன் புது வள்ளம் கட்டுவிப்பான்? கொட்டிலுக்குள் பாதி பூசிய அச்சொன்று கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் இரண்டு பீப்பா ரெசின்.

ரெசின் காத்திருக்காது. எங்கள் வெக்கைக்கு, மூடி திறக்காமல் வைத்தாலும் ஒரு நாள் பீப்பாவுக்குள்ளேயே தடித்து, கூழாகி, பிறகு கல்லாகிவிடும். திரும்ப வாங்குவதற்குக் கொழும்புப் பாதையும் நிச்சயமில்லை. அவருடைய தம்பி அந்தோனி ஒவ்வொரு காலையும் பீப்பாவுக்குள் தடி விட்டுத் துழாவிப் பார்ப்பான். ரெசின் இறுகிவிட்டால் கொட்டிலில் செய்வதற்கு ஒன்றுமில்லை; ஒன்றுமில்லாவிட்டால் தான் ஜேர்மனிக்குப் போய்விடுவதாக அக்காவுக்குச் சொல்லியிருந்தான். பாஸ்போட்டும் எடுத்துவிட்டான். அவன் போனால் அச்சைப் புரட்டக்கூட ஆளில்லை. கொட்டில் அவ்வளவுதான்.

அப்படியான ஒரு காலையில்தான் நான் போய்ச் சேர்ந்தேன். என் ஊர் கோப்பாய். வெங்காயத் தோட்டம் வைத்த குடும்பம். நானும் அண்ணரும் சேர்ந்து ஒரு மினிபஸ் ஓட்டினோம். யாழ்ப்பாணத்தில் இருந்து கோப்பாய், கைதடி வழியாகக் கொடிகாமம். ஒரு நாள் அவர் சாரதி, நான் கொண்டக்டர், மறுநாள் மாறும். அந்த நாட்களில் சனம் பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தது பாட்டைக் கேட்டுத்தான். சவூதியிலிருந்து வந்த மைத்துனன் ஒருவன் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பேஸ் ஸ்பீக்கர் கொண்டுவந்து தந்திருந்தான். தடித்த சத்தத்துக்கு மட்டுமானது. ஆனால் வெறுமனே வைத்தால் அது இருமும். அதற்குச் சரியான பெட்டி வேண்டும். பஸ்ஸின் பின் மூலையில், கடைசிச் சீற்றுக்குக் கீழே, சக்கரத்துக்கு மேலான மேடும் பஸ் உடம்பின் வளைவுமாய் ஒரு கோணல் இடம்தான் மிச்சம். நேர்ப்பலகையில் செய்த எந்தப் பெட்டியும் அதற்குள் போகாது.

வளைவுக்கு வளைவாய்ச் செய்யத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் வள்ளம் கட்டுகிறவர்கள்தானே என்று ஒரு நினைப்பு.

"ஸ்பீக்கர் பெட்டியோ?" என்று சிரித்தான் அந்தோனி. "அக்கா, நாங்கள் ரேடியோக் கடை போடுவமோ?"

அவர் சிரிக்கவில்லை. பஸ்ஸுக்குள் ஏறி, பின் மூலைக்குள் தவழ்ந்து போய், அந்த வளைவுகளைக் கையால் தடவிப் பார்த்தார். வெளியே வந்தபோது முழங்கால் எல்லாம் தூசு.

"ஏலும். விட்டிட்டுப் போம். ஒரு புதுப் பெனியன் வாங்கிக் கொண்டு வாரும்."

"பெனியன் ஏனக்கா?"

"உமக்குப் போட இல்லை."

அந்த வேலையை நான் இருந்து பார்த்தேன். மூலை முழுவதற்கும் கடதாசி ஒட்டி, மெழுகு தேய்த்து, பஸ்ஸையே அச்சாக்கினார். மட்டைக் கிழித்துக் கிழித்து வைத்தார். வெட்டவில்லை, கிழித்த ஓரம்தான் மற்றதோடு பிடிக்குமாம். ரெசினை இறுக வைக்கிற கடுப்பான் எவ்வளவு விடுவது என்பதை நிழலைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார். வெயில் ஏறினால் குறைப்பார். மறுநாள் உரித்தெடுத்தால் பஸ்ஸின் மூலை அப்படியே ஒரு கோதாக வந்துவிட்டது. முன்பக்கத்துக்குப் பலகையில் ஒரு வட்ட வளையம். அதைக் குச்சிகளில் நிறுத்தி, கோதின் விளிம்பிலிருந்து வளையம்வரை என் புதுப் பெனியனை இழுத்துக் கட்டினார். இழுத்த இழுப்பில் துணி தானே ஒரு வடிவம் எடுத்தது. பாய் விரிந்த தோணி மாதிரி, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்த வயிறு மாதிரி. அதற்கு ரெசின் பூசினால் பெனியன் தோலாகும். தோலுக்கு உள்ளும் புறமும் மட் வைத்தால் ஓடாகும்.

"பழைய பெனியன் எண்டால் வேர்வை குடிச்சிருக்கும். ரெசின் குடிக்காது" என்றார் அப்போதுதான்.

எல்லாம் முடிந்தது. வயர் பூட்டுகிற பெடியன் வந்தான். பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தான்.

"அக்கா, வயர் எங்காலை போறது?"

வள்ளத்துக்கு வயர் போவதில்லை. ஓட்டை ஒன்று வைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. அந்தோனி வாயைப் பொத்திக்கொண்டு கொட்டிலுக்குப் பின்னால் ஓடினான். பெடியன் துளைக்கிற ஊசியை எடுத்ததும் அவர் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறும். நூல் போற ஓட்டையெண்டாலும் ஓட்டைதான்."

வள்ளத்துக்குப் பூட்டுகிற பித்தளை ஆணிகள் இரண்டை எடுத்துவந்து, சுவருக்கு ஊடாக விட்டு, சுற்றிவர மட் வைத்துப் பூசினார். ஆணியின் உள்நுனியில் ஸ்பீக்கர் வயர், வெளிநுனியில் பஸ் வயர். கரண்ட் போகும், காற்றுப் போகாது. பெடியன் ஆணியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒருத்தருக்கும் வராத யோசினை என்ன?" என்று அவரே கேட்டு, அவரே தலையாட்டிக்கொண்டார். சற்று முன்னர் வயரை மறந்தவர் அவர்தான் என்பதை எவரும் ஞாபகப்படுத்தவில்லை.

பிறகு செய்ததைத்தான் சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் வட்டத்தைப் பலகையால் அடைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முழங்கால் தண்ணீரில் இறக்கி, மேலே ஏறி இருந்தார். குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் கூப்பிட்டார்கள்.

"என்னடி பிள்ளை, பாட்டுப் பெட்டிக்கு ஞானஸ்நானமோ?"

"தண்ணி குடிக்காததுக்குத்தான் ஞானஸ்நானம்" என்று திரும்பிச் சத்தம் போட்டார்.

கோப்பாய்க் கோயில் திருவிழாவில் பதிந்த தவில் கசெற் ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் போட்டோம். தவிலின் இடப்பக்கத்தைத் தொப்பி என்பார்கள். தடியால் அடிக்கிற, தடித்த சத்தம் வருகிற பக்கம். அந்த அடி, விழுந்த இடத்திலேயே நின்றது. வால் இல்லை, இழுவை இல்லை. "ஒரு அடிக்கு ஒரு அடி, கேட்டீரோ?" என்றார். நானும் அந்தோனியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ஓட்டத்தில் இன்னும் எட்டு மினிபஸ்கள். பஸ் முதலாளிமார் எல்லாரும் என் பெட்டியைக் கேட்டுப் பார்த்த பிறகு தாங்களும் செய்விப்பதாகச் சொல்லியிருந்தார்கள். எட்டுப் பெட்டி என்றால் இரண்டு பீப்பாவும் முடியும்; மழைக்காலம்வரை கொட்டிலில் வேலை இருக்கும்; அந்தோனியின் பாஸ்போட் றங்குப் பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

ஆனால் கொட்டில் வேறு, றோட்டு வேறு. எஞ்சின் இரைய, சனம் கதைக்க, யன்னலால் காற்று அடிக்க, அந்த அடக்கமான சத்தம் உள்ளேயே அமிழ்ந்து போனது. அதே கிழமை கொடிகாமத்து மினிபஸ் ஒன்று புதுப் பெட்டியோடு வந்தது. மரவேலை செய்கிற ஓடாவியார் ஒருவர், சீற்றொன்றைக் கழற்றிவிட்டுப் பலகையில் செய்த பெட்டி. முன்னுக்கு ஸ்பீக்கர், பக்கத்தில் வட்டமாக ஒரு ஓட்டை. அந்த பஸ் சந்தி திரும்பும்போதே சனத்துக்குத் தெரிந்தது. பெடியள் எல்லாம் அதில் தொங்கினார்கள். எங்கள் பஸ் காற்றை ஏற்றிக்கொண்டு பின்னால் போனது.

ஓடாவியார் பொல்லாதவர் அல்ல. கேட்டதும் சொன்னார். "பெட்டிக்குள்ளை அடைபட்டுக் கிடக்கிற காத்துக்கும் வேலை குடுக்கவேணும் தம்பி. வாய் வைச்சால் அதுவும் சேர்ந்து பாடும். மூடி வைச்சால் உள்ளுக்கை மூச்சு முட்டும்."

நான் குருநகருக்குப் போய், மெதுவாகத்தான் தொடங்கினேன். அக்கா, நல்ல பெட்டி. அக்கா, சத்தம் துப்புரவு. ஆனால் ஒரு சின்ன ஓட்டை...

"எத்தினை வள்ளத்துக்கு ஓட்டை வைச்சனான் எண்டு கேட்டுப் பார்" என்றார். கோபம் வந்தால் அவருடைய 'நீர்' 'நீ' ஆகிவிடும்.

"வள்ளத்துக்குப் பின்னாலை அடைப்பான் ஓட்டை வைக்கிறியள்தானே?"

"அது கரையிலை இழுத்து வைச்சுத் திறக்கிறது. திறந்து வைச்சுக்கொண்டு கடல் ஓடுறவன் ஆர்?"

"உள்ளுக்கை இருக்கிற காத்து வெளியாலை வரவேணுமாம் அக்கா."

"காத்து வெளியாலை வந்தால் தண்ணி உள்ளுக்குப் போகும்."

"பஸ் கடலுக்குப் போறேல்லை, அக்கா!"

"என்ரை கையாலை போற சாமான் எங்கையெங்கை போகுமெண்டு உனக்குத் தெரியுமோ? ஓட்டை வேணுமெண்டால் ஓடாவியிட்டைப் போ."

நான் போகவில்லை. வேறு நாலு பேர் போனார்கள். மிச்ச நாலு முதலாளிமாரும் வெள்ளிக்கிழமைவரை பார்ப்பதாகச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து அந்தோனி சைக்கிளில் கோப்பாய்க்கு வந்தான். எங்கள் வெங்காயக் கொட்டில் வாசலில் நின்று, தடியில் ஒட்டியிருந்த ரெசினைக் காட்டினான். தேன் நூலாய் ஒழுகாமல் பாகு மாதிரித் தொங்கியது.

"அக்கா ஒண்டும் கதைக்கிறா இல்லை, அண்ணை. கவிட்டு வைச்ச பழைய வள்ளத்துக்கை போய் இருக்கிறா. நான் படம் எடுக்கப் போறன், விசாவுக்கு."

வாயால் இவ்வளவு வீரம் பேசுகிற ஒரு மனிசி, வாயை மூடிக்கொண்டு ஒரு வள்ளத்துக்குள் இருக்கிறார் என்பதை நினைக்கவே ஏதோ செய்தது.

புதன்கிழமை ஆள் அனுப்பினார். போனால் கரையில் புதிதாக ஒரு பெட்டி. மூலையின் வளைவு பழைய கடதாசி அளவிலேயே, முன்பக்கம் மட்டும் முன்னதைவிட நீளம். முழங்கைகளில் ரெசின் காய்ந்து செதில் செதிலாய் இருந்தது. என்னைக் கண்டதும் ஒரு கேள்வி.

"வள்ளத்தின்ரை முன்மூக்கிலை, அணியத்துக்கை என்ன கிடக்கு, சொல்லும் பாப்பம்?"

"எனக்கு வெங்காயம்தான் தெரியும் அக்கா."

"அணியத்திலை நாங்கள் ஒரு அறையை மூடி விடுவம். உள்ளுக்கு வெறுங்காத்து. வள்ளம் முழுக்கத் தண்ணி நிரம்பினாலும் அந்த அறை தாழ விடாது. அதைப் பிடிச்சுக்கொண்டு சனம் தப்பி வந்திருக்கு." மூச்சு எடுத்தார். "அப்ப எல்லாத்தையும் மூட வேண்டியதில்லை. ஒரு அறை மூடிக் கிடந்தால் காணும். உதை எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை."

பெட்டிக்குள் குறுக்கே ஒரு சுவர் வைத்திருந்தார். ஸ்பீக்கர் வெளியே தெரியாது. அந்த உள்சுவரில் இருக்கும். அதன் முதுகுப் பக்கத்து அறை முழுக்க மூடியது, பித்தளை ஆணியோடு. முகத்துப் பக்கத்து அறைக்கு மட்டும் ஒரு வாய்: கிணற்றுக்குப் போடுகிற பிளாஸ்ரிக் குழாயில் ஒரு துண்டு, விளிம்பு வெளிப்பக்கமாய் விரிந்து, வழுவழுவென்று பூசப்பட்டிருந்தது. முன்னறைக்கு ரப்பர் வைத்து ஆணி இறுக்கிய ஒரு மூடி, ஸ்பீக்கரைக் கழற்றி எடுக்க. இந்தமுறை ஒன்றையும் மறக்கவில்லை.

உள்சுவரின் வட்டத்தைப் பலகையால் அடைத்துக் கடலில் இறக்கினார். குழாய் வழியாகத் தண்ணீர் மடமடவென்று உள்ளே போனது. முன்பக்கம் தாழ்ந்தது. பெட்டி சரிந்து, முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு, முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது. அவர் காலால் அமுக்கினார். தாழ்ந்தது, காலை எடுத்ததும் எழும்பியது. திரும்ப அமுக்கினார், திரும்ப எழும்பியது. நீரில் முக்கினால் கோபப்பட்டு எழும்புகிற ஒரு குழந்தை மாதிரி.

"வாய் வைச்சனான்," என்றார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. "தாழுதோ?"

கரையில் வலை பொத்துகிறவர்கள் இந்தமுறை பகிடி விடவில்லை. ஒருவர் எழும்பியே வந்து பார்த்தார்.

குழாயின் நீளத்துக்கு ஒரு பகல் முழுக்கப் போனது. நீளமாக விட்டால் கிணற்றுக்குள் நின்று கதைப்பது போல இருந்தது. குறைத்தால் குரைத்தது. விரல் அளவு விரல் அளவாக வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் தவில் கசெற்றைப் போட்டு, நிலத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இருந்தார். ஒரு வெட்டில் கொட்டிலின் கிடுகெல்லாம் சிலிர்த்தது. அவர் குழாய் அறுக்கிற வாளைக் கீழே வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை முதல் ஓட்டம். அண்ணர் ஓட்டினார், நான் ரிக்கற் போட்டேன். தானும் வருவதாக நின்றார் அக்கா. கடைசிச் சீற்றில், சரியாகப் பெட்டிக்கு மேலே. ரிக்கற்றும் வாங்கினார். "சும்மா வாற ஆளுக்கு வாய் திறக்க ஏலாது."

கோப்பாயில் வெங்காய மூட்டையோடு ஒரு பெரியவர் ஏறினார். வெறும் மேல், தோளில் சால்வை, நெற்றி நிறையத் திருநீறு. இடமில்லாமல் போய் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சாதி பார்த்து, குருநகர்க்காரருக்குப் பக்கத்தில் முட்டாமல் இருக்கப் பழகியவர்கள். மூட்டையை நடுவில் வைத்துக்கொண்டார். கைதடிப் பாலம் தாண்டும்வரை நான் கசெற் போடவில்லை. பாலம் தாண்டி, இரண்டு பக்கமும் வெறும் வெளியாகக் கிடக்கிற இடத்தில் போட்டேன். நாதஸ்வரம் கொஞ்ச நேரம் தனியாக இழைந்தது. பிறகு தொப்பியில் முதல் அடி.

பஸ் முழுக்கக் குனிந்தது.

நான் அதை நினைத்திருக்கவில்லை. அந்த நாட்களில் நெஞ்சுக்குள் வந்து இடிக்கிற சத்தம் என்றால் எங்களுக்கு ஒன்றுதான். ஒரு தாய் பிள்ளையின் தலையை மடிக்குள் அமுக்கினாள். பெரியவர் "ஷெல்லடா!" என்று சீற்றிலிருந்து கீழே சறுக்கி, மூட்டையைக் கட்டிப்பிடித்தார். அண்ணர் பிறேக்கை மிதித்தார். அடுத்த அடியும் விழுந்தது, அதற்கடுத்ததும். எல்லாரும் யன்னலால் வானத்தைப் பார்த்தார்கள்.

அக்கா எழும்பி, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ. உது வெளியாலை இருந்து வரேல்லை. உது நான் செய்தது."

தவில் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அடி விழுந்தது, ஒன்றும் இடியவில்லை. திரும்ப விழுந்தது, ஒருவரும் சாகவில்லை. பிறகு முன்சீற்றில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒவ்வொரு சீற்றாகப் பின்னால் வந்தது. தாய் பிள்ளையை நிமிர்த்தினாள். பெரியவர் சால்வையை உதறி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி இருந்தார்.

"என்ன பிள்ளை உது? என்ரை நாரி ஆடுது."

"ஓம் ஐயா, ஆடும்."

"நெஞ்சுக்குள்ளை நிண்டு அடிக்கிறான் தவில்காரன்."

"ஓம் ஐயா. வள்ளத்துக்குப் போடுற ரெசின். தண்ணியிலை போட்டாலும் தாழாது."

பெரியவர் முறைத்துப் பார்த்தார். பிறகு வெங்காய மூட்டையைத் தூக்கித் தன் காலடிக்கு மாற்றிக்கொண்டு, இடைவெளியில் கிடந்த சீற்றில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை.

கொடிகாமச் சந்தியில் மிச்ச நாலு முதலாளிமாரும் நின்றார்கள். பஸ் நிற்கிறதற்கு முன்னமே பெரியவர் படியில் நின்று அவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். "உதிலை ஏறினால் நாரி முறியும்! குடல் கலங்கும்! நான் ஒருக்காச் செத்துப் பிழைச்சு வாறன்!" முதலாளிமார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இதைவிட நல்ல விளம்பரத்தை அவர்கள் கேட்டதில்லை. நாலு பேரும் ஒன்றாகப் பின்வாசலால் ஏறினார்கள். ஓடாவியாரிடம் போனவர்களில் ஒருவரும் சேர்ந்து ஏறினார்.

"அக்கா, இப்பிடி ஒண்டு பலகையிலை செய்ய ஏலாதோ?" என்று கேட்டார் அவர்.

"ஏலும். செய்து போட்டுக் கடலிலை விட்டுப் பாரும்."

ஒரே அச்சில் எல்லாவற்றையும் வார்த்துத் தரும்படி இன்னொருவர் கேட்டதற்கு மாட்டேன் என்றுவிட்டார். ஒவ்வொரு பஸ்ஸின் மூலையும் ஒவ்வொரு மாதிரி. பஸ் வந்தால்தான் பெட்டி. திங்கட்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று என்று நாள் குறித்துக்கொடுத்தார். அந்தோனி அந்த வருடம் எங்கும் போகவில்லை. எட்டு மினிபஸ்ஸிலும், கடைசியில் ஓடாவியாருடைய மருமகனின் தட்டிவான் பஸ்ஸிலும்கூட, அவருடைய பெட்டி இருந்தது.

அன்று திரும்பும்போது பஸ் கதவுவரை நிறைந்தது. சந்தையில் மூட்டையை விற்றுவிட்டுப் பெரியவரும் வந்தார். முன்னுக்கு ஒரு சீற் காலியாக இருந்தது, காட்டினேன். கேளாதவர் மாதிரிப் பின்னால் போய்ப் பழைய இடத்திலேயே இருந்தார்.

சாவகச்சேரியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். பஸ் வெளிக்கிட்டதும் தொப்பியின் அடி விழுந்தது. அவள் குழந்தையைப் பொத்திக்கொண்டு இருக்கையிலிருந்து அரைவாசி எழும்பினாள். அக்கா கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினார், வாயைத் திறந்தார்.

பெரியவர் முந்திக்கொண்டார்.

"பயப்பிடாதை பிள்ளை, இரு. உது இவ செய்தது. குருநகர் ஆள். கடலிலை போட்டாலும் தாழாதாம்."

அந்தப் பெண் திரும்பி அக்காவைப் பார்த்தாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆயுள் முழுக்கத் தன் வாயால் சொல்லிச் சொல்லித் திரிந்த மனிசி, தூக்கிய கையை மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, யன்னலுக்கு வெளியே பார்த்தார். கழுத்து நிமிர்ந்திருந்தது. யாழ்ப்பாணம் வரும்வரை அவர் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை.